நாம் பார்த்த ஐந்து படங்கள்

சினிமாவைப் பற்றி நாம் எழுதுகிறோம் என்றால் நமது வாசகர்களில் பலருக்கு ஆச்சரியமாகவே இருக்கும். கூட்டத்துக்குக் கூப்பிட்டால் நடந்தாவது வருகிறவர், கொட்டகைக்குக் கூப்பிட்டால் வண்டி அனுப்பினாலும் வரமாட்டார் என்று தோழர்கள் நம்மைப் பரிகாசம் செய்வதுண்டு. அது உண்மைதான். காசைக் கொடுத்துப் பொய்யை வாங்கிக்கொண்டு வருவானேன் என்பது நமது நெடுநாளைய அபிப்பிராயம்.

ஆனால் சமீபத்தில் காய்ச்சல் கண்டு பன்னிரண்டு நாள் வீட்டோடு படுக்க வேண்டியதாகிவிட்டது. தொண்டை புண்ணாயிருக்கிறது, பேசவே கூடாது என்று டாக்டர் உத்தரவு போட்டுவிட்டார். பேசுவதையே வேலையாகக் கொண்ட நமக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன வேண்டும்? காலேஜில் படிக்கும் நம் மகள் இரக்கப்பட்டு, டெலிவிஷன் பெட்டியைக் கட்டிலுக்கு நேரே திருப்பி வைத்து, தினம் ஒன்றாக ஐந்து படங்களைத் தேடிப்பிடித்துப் போட்டுக் காட்டினாள். நம் துணைவியாரும் கூடவே பார்த்தார். ஆனால் ஐந்தில் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்க்கவில்லை. அது ஏன் என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

சினிமா சாஸ்திரம் நமக்குத் தெரியாது. காமிராவை எங்கே வைத்தான், வெளிச்சத்தை எப்படிப் போட்டான் என்பவைகளைப் பற்றிச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. நம்மிடம் இருக்கிற அளவுகோல் ஒன்றே ஒன்று. படம் முடிந்து எழுந்து போகிற மனிதன், உட்காரும்போது இருந்ததைவிடக் கொஞ்சமாவது யோசிக்கிறவனாக எழுந்தானா, அல்லது இருந்த யோசனையையும் அங்கேயே விட்டுவிட்டு எழுந்தானா என்பதுதான் அது.

சாமியாரை ஒழிக்க வந்த சாமி

முதலில் பார்த்தது "மூக்குத்தி அம்மன்". 2020ஆம் வருஷம் தீபாவளியன்று வெளியான படம். கதாநாயகனின் பெயரைக் கேட்டவுடன் நாம் தலையணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டோம். ஏங்கல்ஸ் ராமசாமி என்பது அவன் பெயர்! இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் என்னதான் செய்யப்போகிறான் பார்ப்போம் என்று ஆவலோடிருந்தோம். அவன் செய்ததெல்லாம், தன் குலதெய்வம் நேரில் வந்து நின்று பேச, அதனோடு சேர்ந்துகொண்டு ஒரு மோசடிச் சாமியாரைப் பிடித்துக் கொடுத்ததுதான்.

சிரிப்புக்குக் குறைவில்லை. தாயாராக வருகிற ஊர்வசி அம்மையார் நன்றாக நடித்திருக்கிறார். பக்தியின் பேரால் நிலத்தை வளைத்துப் போடுகிற கூட்டத்தைப் பற்றி ஜனங்கள் சிரிக்கும்படி சொல்லியிருப்பதும் நல்லதுதான். இதில் நமக்கு ஆட்சேபணை இல்லை.

நாம் கேட்பது வேறு. சாமியார் மோசடி என்று கண்டுபிடிக்கச் சாமியேதான் இறங்கி வரவேண்டுமா? கணக்குப் புத்தகமும், பத்திர ஆபீசும், போலீசும், கோர்ட்டும், எல்லாவற்றுக்கும் மேலாக மனிதனின் தலைக்குள்ளே மூளையும் எதற்காக இருக்கின்றன? சாமியார் கெட்டவர், சாமி நல்லது என்று சொல்லி முடித்தால், இந்தச் சாமியார் போனவுடன் அடுத்த சாமியார் வந்து, "முன்னே இருந்தவர் போலி, நான்தான் அசல்" என்று சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. கள்ளநோட்டு அடித்தவனைப் பிடித்துக் கொடுத்த பெருமையில் நல்ல நோட்டின் மதிப்பு இன்னும் உயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

என்றாலும், அன்றைக்கு நாம் திருப்தியாகவே தூங்கினோம். குற்றவாளி சாமியார்தானே, நாமில்லையே!

நந்தனாரும் நந்தனும்

அடுத்த இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். ஒன்று, 1942இல் ஜெமினி கம்பெனியார் எடுத்த "நந்தனார்". எம். எம். தண்டபாணி தேசிகர் நந்தனாராக வந்து பாடுகிறார். இதற்கு முன்பே 1935இல் இதே கதையை எடுத்து, அதில் கே. பி. சுந்தராம்பாள் அம்மையாரை ஆண் வேஷத்தில் நந்தனாராக நடிக்க வைத்தார்கள். அதற்கு அவருக்குக் கொடுத்த சம்பளம் லட்ச ரூபாய். அந்தக் காலத்து லட்ச ரூபாய்! ஏழைப் பண்ணையாளின் கதை யாருக்காவது பணம் கொடுத்தது என்றால் அது நந்தனுக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். சிதம்பரம் போக நந்தன் உத்தரவு கேட்கிறான். ஆண்டையாகிய வேதியர், நாற்பது வேலி நிலத்து வேலையையும் ஒரே இரவில் முடித்துவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி ஆறே முக்கால் ஏக்கராவுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, ஏறக்குறைய 266 ஏக்கரா. நந்தன் சுவாமியை நினைத்து உருக, சுவாமி இரவோடிரவாக வேலையை முடித்து வைத்துவிடுகிறார். பிறகு நந்தன் சிதம்பரம் போய், தீயில் இறங்கிச் "சுத்தமாகி", சுவாமியோடு சேருகிறான்.

இந்த வேதியரும் நாற்பது வேலியும் சேக்கிழாரின் பெரிய புராணத்தில் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சரித்திரக் கீர்த்தனை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதியார் சேர்த்தவை. அவர் தம் கண்ணெதிரே கண்ட தஞ்சை ஜில்லாப் பண்ணையைப் பாட்டில் வைத்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது. அந்த அளவுக்கு அவர் நியாயஸ்தர்தான். ஆனால் நம் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "266 ஏக்கராவை ஒரு ராத்திரியில் அறுக்கத் தெரிந்த கடவுளுக்கு, கூலியாளுக்கு ஒரு நாள் லீவு கொடு என்று ஆண்டையிடம் சொல்லத் தெரியவில்லையா, அப்பா?" நமக்குப் பேசக்கூடாது என்று உத்தரவாகையால் பேசாமலிருந்தோம். பேசலாம் என்றிருந்தாலும் பதில் இருந்திருக்காது. அன்றியும், அழுக்கு யாரிடத்தில் இருக்கிறதோ அவனல்லவா தீயில் இறங்கிச் சுத்தமாக வேண்டும்? உழைத்தவன் தீயில் இறங்குகிறான், உத்தரவு கொடுத்தவர் கரையில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார். தேசிகரின் பாட்டு இனிமையானதுதான். ஆனால் இனிமையிலேயே இந்த அநியாயம் தொண்டைக்குள் இறங்கிவிடுகிறது.

மற்றொன்று, 2024 செப்டம்பரில் வந்த "நந்தன்". இரா. சரவணன் எடுத்தது, சசிகுமார் நடித்தது. இதில் சுவாமியும் இல்லை, தீயும் இல்லை. பஞ்சாயத்து ஆபீசும் ஒரு நாற்காலியும் இருக்கின்றன. தலைவர் பதவி தாழ்த்தப்பட்டவருக்கு என்று ஒதுக்கப்பட்டுவிடுகிறது. தலைமுறை தலைமுறையாய்ப் பதவியை வைத்திருந்த குடும்பத்தார், தங்கள் காலைச் சுற்றிக்கொண்டிருக்கிற ஒரு பண்ணையாளைப் பிடித்து நிறுத்தி, கையெழுத்து மட்டும் நீ போடு, அதிகாரம் எங்களுக்கு என்கிறார்கள். அப்பாவியான அந்த மனிதன் பட்ட அவமானமும், மெள்ள மெள்ளத் தன் நாற்காலி எது என்று அவன் தெரிந்துகொள்வதும்தான் கதை.

படம் சில இடங்களில் அளவுக்குமீறி அழவைக்கிறது. பண்ணையாளை இவ்வளவு ஒன்றும் தெரியாதவனாகக் காட்டவேண்டுமா என்று நமக்குத் தோன்றியது. நாம் பழகியவர்கள் தங்கள் அவமானத்தை நன்றாக அறிந்தவர்கள். வயிற்றுக்காகத் தெரியாததுபோல் இருக்கிறவர்கள். ஆனபோதிலும் கதை கற்பனை என்று யாரும் தள்ளிவிட முடியாது. 1993இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73வது திருத்தம் இந்த ஒதுக்கீட்டைக் கொடுத்தது. மதுரை ஜில்லாவில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் 1996 முதல் 2006 வரை பத்து வருஷ காலம் தலைவர் பதவியில் ஒருவரை உட்கார வைக்க முடியவில்லை. மேலவளவில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவருடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30ந் தேதி பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். நாற்காலி என்பது நாலு கால் மரம்தானே என்கிறவர்கள் இதை ஞாபகத்தில் வைக்கவேண்டும்.

1942க்கும் 2024க்கும் இடையில் 82 வருஷம். அந்த நந்தன் கோவிலுக்குள் போக உத்தரவு கேட்டான், இந்த நந்தன் தன் ஆபீசுக்குள் போக உத்தரவு கேட்கிறான். உத்தரவு கேட்கும் வழக்கம் மட்டும் போகவில்லை.

இந்த இரண்டிலும் குற்றவாளி ஆண்டையும் ஜாதித் திமிரும். நமக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபமும் ஒரு சுகமாகவே இருந்தது என்பதை இப்போது யோசித்துப் பார்க்கையில் ஒப்புக்கொள்ளுகிறோம்.

ஜெய் பீம்

நாலாவது, 2021 நவம்பரில் வெளிவந்த "ஜெய் பீம்". 1993இல் நம் நாட்டில் உண்மையாக நடந்த ஒரு வழக்கை வைத்து எடுத்தது. திருட்டுப் பட்டம் கட்டப்பட்ட ஓர் ஏழை போலீஸ் காவலில் அடிபட்டுச் செத்துப்போகிறான். ஓடிப்போய்விட்டான் என்று போலீசார் கதை கட்டுகிறார்கள். அவன் மனைவி ஹைகோர்ட்டுக்குப் போகிறாள். அவளுக்காக ஆட்கொணர்வு மனுப் போட்டு வாதாடிய வக்கீல் சந்துரு பின்னால் சென்னை ஹைகோர்ட் ஜட்ஜாகவும் இருந்தார். உண்மையில் செத்தவர் குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர் என்று மாற்றியிருக்கிறார்கள்.

ஆரம்பக் காட்சி ஒன்றே போதும். ஜெயிலிலிருந்து விடுதலையாகி வருகிறவர்களை வாசலில் நிறுத்தி, என்ன ஜாதி என்று கேட்டு, ஒரு ஜாதியானை வீட்டுக்குப் போகச் சொல்லுகிறார்கள். இன்னொரு ஜாதியானை, நிலுவையில் கிடக்கும் வழக்குகளுக்கு ஆள் வேண்டும் என்று திரும்பவும் வண்டியில் ஏற்றுகிறார்கள். கறிகாய் பொறுக்குவதுபோல் மனிதரைப் பொறுக்குகிறார்கள்.

வக்கீலாக வருகிற சூர்யா கம்பீரமாகவே பேசுகிறார். ஆனால் நமது மனதில் நின்றது வக்கீல் அல்ல. செங்கேணி என்ற அந்தப் பெண்தான். அவளைப் பிடித்து வைத்திருந்த போலீசாருக்கு மேலிருந்து உத்தரவு வந்துவிடுகிறது, ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறோம் என்று கெஞ்சுகிறார்கள். அவள் ஏறவில்லை. பிள்ளைத்தாய்ச்சியாகிய அவள் நடக்கிறாள், அவள் பின்னால் ஜீப் ஊர்ந்துகொண்டு வருகிறது. பணம் தருகிறோம், வழக்கை விட்டுவிடு என்கிறார்கள். அதற்கும் அவள் இணங்கவில்லை. படிப்பில்லை, காசில்லை, மானம் இருந்தது. சுயமரியாதையைப் பற்றி நாம் ஒரு மணி நேரம் பேசுவதை அவள் ஒரு பர்லாங்கு நடந்து காட்டிவிட்டாள்.

ஒரு குறை சொல்லவேண்டுமானால், இம்மாதிரிப் படங்களில் கடைசியில் ஒரு நல்ல வக்கீலோ நல்ல அதிகாரியோ வந்து காப்பாற்றிவிடுகிறார். ஊருக்கு ஒரு சந்துரு கிடைப்பாரா? கிடைக்காத ஊரில் செங்கேணிகள் என்ன செய்வது? இந்தக் கேள்வியைப் படம் நம்மிடமே விட்டுவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன அக்கிரமம் பார்த்தாயா!" என்று மகளிடம் சைகையாலேயே சொல்லிவிட்டு, துணைவியார் கொண்டுவந்து வைத்த கஞ்சியைக் குடித்தோம். கிண்ணத்தைக் கட்டிலடியில் வைத்தோம். இந்தக் கிண்ணத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

வில்லன் இல்லாத படம்

நிற்க. ஐந்தாவது படம் மலையாளத்தில் ஜியோ பேபி என்பவர் எடுத்து 2021 ஜனவரியில் வந்த "தி கிரேட் இந்தியன் கிச்சன்". அதாவது மகத்தான இந்தியச் சமையலறை. 2023இல் இதைத் தமிழிலும் எடுத்தார்கள். நாம் பார்த்தது மலையாளத்தை. பாஷை புரியாதே என்று முதலில் தயங்கினோம். அந்தச் சமையலறையில் பேச்சே குறைவாகையால் எல்லாம் நன்றாகவே புரிந்தது.

இதில் சாமியார் இல்லை, ஆண்டை இல்லை, போலீஸ் இல்லை. புருஷன் குடிகாரனல்ல, மனைவியை அடிக்கிறவனுமல்ல. பள்ளிக்கூடத்தில் சமூகத்தைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். மாமனார் குரலை உயர்த்தாத மனிதர். சாதத்தை விறகடுப்பில் வைத்தால் ருசி, சட்டினியை அம்மியில் அரைத்தால் ருசி, துணியை மெஷினில் போட்டால் நைந்துவிடும் என்று மிகவும் சாந்தமாகச் சொல்லுகிறவர். அவருடைய பல்துலக்கும் பிரஷைக்கூட வீட்டுப் பெண்கள்தான் கையில் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். இரண்டு ஆண்களும் சாப்பிட்டு, மென்ற முருங்கைக்காய்ச் சக்கையை மேஜையிலேயே துப்பிவிட்டுப் போகிறார்கள். பெண்கள் அந்த எச்சிலுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஹோட்டலில் மட்டும் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களே என்று மனைவி சிரித்துக்கொண்டே சொன்னதற்கு, வாத்தியார் அவளை மன்னிப்புக் கேட்க வைக்கிறார்.

பாத்திரம் கழுவும் தொட்டியின் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்று அவள் தினமும் சொல்லுகிறாள். அவன் தினமும் மறந்துபோகிறான். அழுக்குத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. படம் முழுதும் இதுதான் கதை.

இந்த இடத்தில்தான் நம் துணைவியார் கரண்டியும் கையுமாகச் சமையலறை வாசற்படியில் வந்து நின்றார். சற்றுநேரம் பார்த்தார். "நம் வீட்டுக் குழாய் ஒழுக ஆரம்பித்து இரண்டு மாசம் ஆகிறது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிற சப்தம் கேட்டு உள்ளே போய்விட்டார்.

நாம் எழுந்து போய்ப் பார்த்தோம். தொட்டிக்கடியில் ஒரு வாளி இருந்தது. அதன்கீழ் ஒரு கோணிச்சாக்கு ஊறிக் கறுத்துக் கிடந்தது. இரண்டு மாசமாக அந்த வீட்டில்தான் நாம் குடியிருக்கிறோம். அந்த இரண்டு மாசத்தில் நாலு ஊர்களில் பெண் விடுதலையைப் பற்றிப் பிரசங்கம் செய்திருக்கிறோம். ஐந்து படங்களில் ஒன்றைக்கூட அவர் முழுதாய்ப் பார்க்காததற்குக் காரணம் அப்போதுதான் நமக்கு விளங்கியது. ஒவ்வொரு படத்தின் நடுவிலும் அவர் நமக்குக் கஞ்சியோ கஷாயமோ வெந்நீரோ கொண்டுவரப் போயிருந்தார். செங்கேணி ஜீப்பில் ஏறாமல் நடந்த காட்சியின்போது அவர் நம் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

முதல் நாலு படமும் அடுத்தவனைக் குற்றம் சொல்லின. நாம் கைதட்டினோம். ஐந்தாவது நம்மைக் குற்றம் சொல்லுகிறது. உள்ளதைச் சொன்னால், நமக்கு முதலில் வந்தது வெட்கமல்ல, எரிச்சல்தான். படம் ரொம்ப நீளம், செய்ததையே திரும்பத் திரும்பக் காட்டுகிறான் என்று சொல்ல வாயெடுத்தோம். திரும்பத் திரும்பக் காட்டுவதைப் பார்ப்பதற்கே நமக்கு இவ்வளவு அலுப்பு என்றால், திரும்பத் திரும்பச் செய்கிறவளுக்கு எப்படியிருக்கும்?

தோழர்கள் சொல்லும் சமாதானம்

இதைச் சில தோழர்களிடம் சொன்னபோது, "அந்தப் படத்தில் வருகிறவன் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவன், வீட்டு விலக்கான பெண்ணைத் தீட்டு என்று மூலையில் ஒதுக்குகிறவன். நம் வீடுகளில் அதெல்லாம் இல்லையே, அது நமக்கு எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டார்கள். வாஸ்தவம். நம் வீட்டில் தீட்டு இல்லை, மாலை இல்லை, பூஜை அறை இல்லை. ஆனால் எச்சில் தட்டு இருக்கிறது. முருங்கைக்காய்ச் சக்கைக்கு ஆஸ்திகன் துப்பியது, நாஸ்திகன் துப்பியது என்ற வித்தியாசம் உண்டா? பூஜை அறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ஒரு காப்பி கொண்டு வா" என்றால், நைவேத்தியம் நிற்கவில்லை, சாமிதான் மாறியிருக்கிறது.

இன்னொரு தோழர், "வீட்டு வேலை என்ன பெரிய வேலை?" என்றார். சர்க்காரார் 2019இல் நாடு முழுதும் ஒரு கணக்கு எடுத்தார்கள். யார் யார் என்னென்ன வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிடுகிறார்கள் என்ற கணக்கு. கூலியில்லா வீட்டு வேலை செய்கிற பெண் நாளொன்றுக்கு அதில் செலவழிப்பது 299 நிமிஷம். ஆண்களில் நாலில் ஒருவர்தான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கிறார், அவரும் செலவழிப்பது 97 நிமிஷம். ஐந்து மணி நேர வேலையைக் கூலியில்லாமல் செய் என்று ஒரு பண்ணையாளிடம் ஆண்டை சொன்னால் நாம் சும்மா இருப்போமா? நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் முடிக்கச் சொன்ன வேதியரைத் திட்டிய வாயால், இதற்கு என்ன சொல்லப்போகிறோம்?

படத்தின் முடிவில் அந்தப் பெண் தொட்டித் தண்ணீரை இரண்டு ஆண்களின் முகத்திலும் கொட்டிவிட்டு வெளியேறுகிறாள். அது நமக்கு ஆச்சரியமாயில்லை. தாய் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கும்போது, உள்ளே நுழைந்த தம்பி தண்ணீர் கேட்கிறான். போய் எடுத்துக் குடி என்று அவள் ஒரு சத்தம் போடுகிறாள் பாருங்கள், படத்தில் அதுதான் சரியான இடம். புருஷனைத் திருத்துவது கஷ்டம். தம்பியையாவது முளையிலேயே திருத்தலாமல்லவா? இன்னும் கடைசியில், அந்த வாத்தியார் இரண்டாம் கலியாணம் செய்துகொண்டு, முன்போலவே குடித்த கோப்பையை வைத்துவிட்டுப் போகிறான். ஒருத்தி போனதால் அவனுக்குப் புத்தி வரவில்லை, வேறொருத்தி வந்தாள், அவ்வளவுதான். படம் பொய் சொல்லவில்லை.

ஆகவே நமது முடிவான அபிப்பிராயம் என்னவென்றால், மற்ற நாலு படங்களையும் கொட்டகையில் பார்க்கலாம், மேடையில் பேசலாம், கைதட்டலாம். இந்த ஐந்தாவதை வீட்டில், மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்து, முழுதாய்ப் பார்க்கவேண்டும். அவர் முழுதாய்ப் பார்க்க வேண்டுமானால் அன்றைக்குச் சமையலை யார் செய்வது என்ற கேள்வி முதலில் வரும். அந்தக் கேள்வி வருவதுதான் படத்தின் பிரயோஜனம்.

வாசகர்கள் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடுகிறோம். குழாயை மறுநாளே சரிபார்த்தாயிற்று. நம் தட்டையும் கிண்ணத்தையும் நாமே கழுவி இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது. இருபது வருஷத்துக்கு ஒன்பது நாள் ஈடாகாது என்பது நமக்குத் தெரியும். இதைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப்போகிறோம் என்று துணைவியாரிடம் சொன்னோம். அவர், "எழுதுங்கள். ஆனால் எழுதி முடித்துவிட்டு அரிசியைக் களைந்து உலையில் போடுங்கள், நான் அந்தப் படத்தின் மீதியைப் பார்க்கவேண்டும்" என்றார்.

ஆகையால் இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம்.